திருவிவிலியத்தோடு செபிக்கும்போது ஏற்படும் தடங்கல்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

திருவிவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியே செபிக்கத் தொடங்கிய பலர் சில வாரங்களிலேயே அதை விட்டுவிடுகிறார்கள். தங்களுக்குப் பக்தி போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் புதுச்சேரி, கடலூர் பகுதிகளில் பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் இது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கேட்கக் கிடைக்கும் முறையீடுகளைக் கவனித்தால், பெரும்பாலானவற்றுக்குக் காரணம் செபிக்கும் முறையில்தான் இருக்கிறது என்பதும், அதை ஒரு வாரத்திலேயே சரிசெய்துவிடலாம் என்பதும் தெரியவரும். அத்தகைய முறையீடுகளையே தலைப்புகளாக வைத்துக் காரணத்தையும் தீர்வையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு உரியதை மட்டும் வாசித்தால் போதும். மேற்கோள்களும் பெயர்களும் கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பை ஒட்டியவை. சீர்திருத்தச் சபையினர் திருப்பாடல் என்று வருமிடத்தில் சங்கீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதிகார எண்கள் இரண்டிலும் ஒன்றே.

எந்தத் தடங்கலாக இருந்தாலும் முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, செபிக்கும்போது நாம் இறைவனிடம் பேசுகிறோம், இறைவார்த்தையை வாசிக்கும்போது அவருக்குச் செவிமடுக்கிறோம் என்னும் புனித அம்புரோசின் கருத்தை எடுத்தாள்கிறது. ஆக, இதில் கேட்பது, மறுமொழி சொல்வது என்று இரண்டு செயல்கள் இருக்கின்றன. உங்களிடம் நின்றுபோயிருப்பது கேட்பதா, மறுமொழி சொல்வதா? கேட்பது நின்றிருந்தால் வாசிக்கும் அளவையும் வேகத்தையும் மாற்ற வேண்டும். மறுமொழி நின்றிருந்தால் எவ்வளவு கூடுதலாக வாசித்தாலும் பயன் இராது.

"ஓர் அதிகாரம் முழுவதும் வாசித்தேன்; மூடியவுடன் என்ன வாசித்தேன் என்றே நினைவில்லை"

அளவு மிகுந்துவிட்டது. சீர்திருத்தச் சபையினரின் அறுபத்தாறு நூல்கள் கொண்ட விவிலியத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அதை ஓராண்டில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசித்தாக வேண்டும். விவிலியத்தை அறிந்துகொள்ள அது நல்ல பயிற்சி. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அதையே செப நேரமாகவும் கணக்கில் வைத்தால் இரண்டும் கெடும். வாசிப்புத் திட்டத்தை இரவுக்கோ மதியத்துக்கோ மாற்றிவிட்டு, செபத்துக்கென்று ஐந்து முதல் பத்து வசனங்களுக்கு மிகாத ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 10:46-52 தொடங்குவதற்கு ஏற்ற பகுதி.

அந்த ஏழு வசனங்களை முதல் முறை வாய்விட்டும், இரண்டாம் முறை மெதுவாகவும் வாசியுங்கள். மூன்றாம் முறை, ஏதேனும் ஒரு சொல்லோ செயலோ உங்களைப் பிடித்து நிறுத்தும் இடம் வரும்வரை மட்டும் வாசியுங்கள். வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு கத்துகிறார்; பலர் அவரை அதட்டுகிறார்கள்; அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார்; இயேசு நிற்கிறார். இந்த "நின்று" என்ற இடத்திலேயே உங்கள் மனம் நின்றுவிட்டால், அதற்கு மேல் போக வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1548-இல் அச்சான தம் ஆன்மீகப் பயிற்சிகளில், ஆன்மாவை நிறைவடையச் செய்வது மிகுதியான அறிவன்று, உள்ளார உணர்ந்து சுவைப்பதே என்கிறார். நாடியது கிடைத்த இடத்திலேயே, மேலே செல்லும் பதற்றமின்றித் தங்கும்படியும் அறிவுறுத்துகிறார். எந்தச் சொல்லும் பிடித்து நிறுத்தவில்லை என்றால், அப்பகுதியில் இயேசு கேட்கும் கேள்வி ஏதேனும் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பர்த்திமேயுவிடம் கேட்ட "உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லவே பலருக்கு ஒரு காலைப்பொழுது வேண்டியிருக்கும்.

"வாசிப்பது புரிகிறது, நல்ல கருத்துகளும் தோன்றுகின்றன, ஆனால் செபம் வரவில்லை"

என் பார்வையில் மற்ற கோளாறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. வாசிப்பவர் கடவுளைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டே இருக்கிறார், கடவுளிடம் திரும்புவதில்லை. இலக்கணத்தில் சொல்வதானால், படர்க்கையிலேயே நின்றுவிடுகிறார், முன்னிலைக்கு வருவதில்லை. இதற்கான தீர்வைத் திருப்பாடல் 23 தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று தொடங்கும் பாடல் முதல் மூன்று வசனங்களிலும் கடவுளை "அவர்" என்றே குறிப்பிடுகிறது, அவர் இளைப்பாறச் செய்வார், அவர் புத்துயிர் அளிப்பார். நான்காம் வசனத்தில் சாவின் இருள்சூழ் பள்ளத்தாக்கு வருகிறது. அந்த இடத்தில், எந்த அறிவிப்பும் இல்லாமல், பாடல் "நீர் என்னோடு இருப்பதால்" என்று திரும்பிவிடுகிறது. பசும்புல் வெளியில் நடந்தவரை ஆயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், இருளுக்குள் நுழைந்ததும் ஆயரிடமே பேசத் தொடங்குகிறார்.

இதை அப்படியே பயிற்சியாகச் செய்யலாம். முதல் மூன்று வசனங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு "அவர்" வரும் இடத்திலும் "நீர்" என்று மாற்றி மெல்லச் சொல்லுங்கள்: ஆண்டவரே, நீரே என் ஆயர். சொன்னவுடன் அடுத்த வரிக்குப் போகாமல், அது இன்று உங்களைப் பொறுத்தவரை உண்மையா என்று அவரிடமே கேளுங்கள். "எனக்கேதும் குறையில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். குறை எது என்பதைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் செபித்துக்கொண்டிருக்கிறீர்கள். எவரும் கற்றுத்தராமலேயே அது நிகழ்ந்திருக்கும்.

மடல்களுக்கும் இது பொருந்தும். "அன்பு பொறுமையுள்ளது" என்று 1 கொரிந்தியர் 13-இல் வருவதை ஒரு வரையறையாக வாசித்தால் அது அறிவுரையாகவே நிற்கும். "ஆண்டவரே, நீர் என்னிடம் பொறுமையாய் இருந்திருக்கிறீர்" என்று தொடங்கினால், எப்போது என்ற நினைவு தானாக எழும். அந்த நினைவிலிருந்து நன்றியும், இன்று யாரிடம் பொறுமை தேவைப்படுகிறது என்ற வேண்டுதலும் பிறக்கும்.

இதே கோளாற்றின் இன்னொரு வடிவம், வாசிக்கும் வசனமெல்லாம் மாமியாருக்கோ மேலதிகாரிக்கோ பொருத்தமாகத் தோன்றுவது. அப்படித் தோன்றினால் அந்த நபருக்காக ஒரு வரி மன்றாடிவிட்டு, அதே வசனத்தை உங்கள் பெயரோடு மீண்டும் வாசியுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களும் உபதேசியார்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வகுப்புக்கான கருத்து தோன்றினால் அதை அருகில் இருக்கும் தாளில் இரண்டு சொல்லில் குறித்துவிட்டு உடனே திரும்பிவிடுவது நல்லது. இல்லையேல் அந்த நேரம் முழுவதும் பாடத் தயாரிப்பாகவே கழியும். தானியேல் 9-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், எரேமியா சொன்ன எழுபது ஆண்டுகளைப் பற்றித் தானியேல் நூல்களில் படித்தறிகிறார். அதை வைத்து விளக்கவுரை எதுவும் எழுதாமல், அடுத்த வசனத்திலேயே நோன்பிருந்து சாக்கு உடையோடு கடவுளை நோக்கித் திரும்புகிறார். வாசிப்பு மன்றாட்டாக மாறுவதற்கு விவிலியத்திலேயே இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

"தினமும் அதே வேண்டுதல்கள், அதே சொற்கள்"

வேண்டுதல் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை ஒரு வசனத்தின் அடியில் வைத்துப் பார்த்தால் போதும். பட்டியலில் மகளின் பிளஸ் டூ தேர்வும் கணவரின் சிப்காட் வேலையும் வீட்டுக் கடன் தவணையும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிலிப்பியர் 1:9-11-ஐ வாசியுங்கள். பவுல் அங்கே தம் அன்பர்களுக்காகக் கேட்பது, அவர்களுடைய அன்பு அறிவிலும் தெளிவிலும் வளர்ந்து, எது சிறந்தது என்று தேர்ந்துகொள்ளும் ஆற்றல் அவர்களுக்கு வாய்க்க வேண்டும் என்பதே. அதன் அடியில் மகளின் தேர்வை வைக்கும்போது, "நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும்" என்ற வேண்டுதலோடு, "மதிப்பெண் எதுவாக வந்தாலும், அடுத்து என்ன படிப்பது என்று அவளும் நாங்களும் தெளிவாகத் தேர்ந்துகொள்ள உதவும்" என்பதும் சேர்ந்துகொள்ளும். தேவை அதேதான், மன்றாட்டு விரிந்துவிட்டது.

திருத்தூதர் பணிகள் 4:24-30-இல் எருசலேம் திருச்சபையும் இதைத்தான் செய்தது. பேதுருவும் யோவானும் அச்சுறுத்தலுக்குப் பின் விடுவிக்கப்பட்டு வந்ததும், அவர்கள் இரண்டாம் திருப்பாடலை எடுத்துத் தங்கள் நிலைமைக்குள் வைத்து, ஏரோது, பிலாத்து என்று பெயர் சொல்லியே செபித்தார்கள். அச்சுறுத்தல் நீங்க வேண்டும் என்று கேட்கவில்லை. துணிவோடு பேசும் வரத்தைக் கேட்டார்கள்.

மார்ட்டின் லூத்தர் 1535-இல் தம் முடிதிருத்துநர் பேதுருவுக்காக எழுதிய சிறு நூலில் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறார். ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு, அது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிடச் செய்கிறது, எதைக் கேட்கத் தூண்டுகிறது என்று நான்கு இழைகளாகப் பிரித்துச் செபிப்பதே அது. வேறு வசனங்களுக்கும் இது பொருந்தும். எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் பயன்படுத்திப் பார்க்கலாம்.

"இரண்டு நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது"

கைப்பேசியில் வாசிப்பவர்கள் முதலில் அச்சு நூலுக்கு மாறிப் பாருங்கள். முடியாவிட்டால் இணையத்தையாவது நிறுத்திவையுங்கள். பலருக்கு இதிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, மனத்தை மட்டும் வேலை வாங்காமல் வாயையும் பயன்படுத்துங்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன் என்ற துறவி, எகிப்தின் துறவிகளிடம் தாம் கேட்டதாக எழுதிய பயிற்சி ஒன்று இருக்கிறது: தனக்குத் துணைபுரிய விரைந்து வருமாறு கடவுளைக் கூப்பிடும் திருப்பாடல் 70-இன் முதல் வசனத்தை, எந்த வேலையிலும் எந்தச் சோதனையிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது. குருக்களும் துறவியரும் நாள்தோறும் குறித்த வேளைகளில் செபிக்கும் திருப்புகழ்மாலை இன்றும் அதே வசனத்தின் சொற்களோடுதான் தொடங்குகிறது. மனம் விலகியதைக் கவனித்தவுடன், விலகியதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிராமல், இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புங்கள்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும் என்பது போன்ற நினைவுகளைத் தாளில் எழுதிவிட்டால் அவை அகன்றுவிடும். ஆனால் ஒரே கவலை மூன்று நான்கு முறை திரும்பி வந்தால் அதை விரட்டாதீர்கள். அன்றைய செபத்தின் பொருளே அதுவாக இருக்கலாம். வாசித்த வசனத்தோடு அதையும் சேர்த்து ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள்.

"எந்த வசனத்தை எடுத்தாலும் எனக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறேன், பிறகு அது நடக்காதபோது நம்பிக்கை தளர்ந்துவிடுகிறது"

புத்தாண்டு நள்ளிரவு வழிபாடு முடிந்து வெளியே வரும்போது, பல சபைகளில் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை கைக்கு வருகிறது. அந்த அட்டையைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. எத்தனையோ பேர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து ஆண்டு முழுவதும் தேற்றம் பெறுகிறார்கள். ஆனால் அட்டையில் ஒரே ஒரு வசனம்தான் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பது விவிலியத்தில் இருக்கிறது.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். வளமான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் அளிப்பதே தம் திட்டம் என்று ஆண்டவர் சொல்லும் அவ்வசனம், பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய மடலில் வருகிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கவும் தோட்டம் போட்டு அதன் கனிகளை உண்ணவும் சொல்கிறது. ஏழாம் வசனம் தங்களைச் சிறைப்பிடித்த நகரின் நலனுக்காக மன்றாடச் சொல்கிறது. எட்டும் ஒன்பதும் பொய் இறைவாக்கினரை நம்பவேண்டாம் என்கின்றன. பத்தாம் வசனம் எழுபது ஆண்டுகள் என்று காலம் குறிக்கிறது. அம்மடலைக் கேட்டவர்களில் வயதில் மூத்தவர்கள் எருசலேமுக்குத் திரும்பியே இருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டபின் பதினோராம் வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடுவதில்லை. வேலை கிடைக்காமல் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ காத்திருக்கும் ஒருவர், "இந்த ஆண்டே என்னை ஊருக்குக் கொண்டுவாரும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிராமல், "நான் இப்போது இருக்கும் இந்த நகரில் வாழக் கற்றுக்கொடும், இதன் மக்களுக்காக மன்றாடவும் கற்றுக்கொடும்" என்று கேட்க இந்த முழுப்பகுதிதான் வழி செய்கிறது.

ஆகவே, ஒரு வசனம் உங்களைத் தொட்டால், அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களை வாசித்துவிட்டுச் செபியுங்கள். மத்தேயு 4:6-இல் சோதிப்பவன் இயேசுவிடம் மேற்கோள் காட்டுவதும் விவிலிய வசனமே. கடவுள் தம் தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்னும் திருப்பாடல் 91-இன் வாக்குறுதி அது. இயேசு அதை மறுக்கவில்லை. ஆண்டவரைச் சோதிக்கவேண்டாம் என்னும் இணைச்சட்டம் 6:16-ஐ அதன் அருகில் வைக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கத்துக்குப் பண்டைத் திருச்சபையின் பேராசிரியரான புனித அகுஸ்தினாரைச் சான்று காட்டுவோர் உண்டு. 386-இல் மிலானில் அவர் அப்படித் திறந்தபோது உரோமையர் 13-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டதும், அவர் மனம் மாறியதும் உண்மைதான். ஆனால் பிற்காலத்தில், நற்செய்தி ஏட்டைத் திறந்து குறி பார்ப்பது தமக்கு உடன்பாடன்று என்று மடலொன்றில் எழுதியவரும் அவரே.

"எதை வாசித்தாலும் என்னைக் குற்றம் சாட்டுவதாகவே இருக்கிறது"

திருப்பாடல் 51-இன் வரிசையைக் கவனியுங்கள். மிகப் பெரிய பாவ அறிக்கையான அப்பாடலின் முதல் வரியில் பாவம் வருவதில்லை. கடவுளின் பேரன்பும் இரக்கமும் வருகின்றன. நீங்களும் அதே வரிசையில் செல்லுங்கள். சில வாரங்களுக்குக் கடுமையான இறைவாக்குப் பகுதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு லூக்கா 15-ஐ மட்டும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. குருவிடம் அறிக்கையிட்டு ஒப்புரவு பெற்ற பாவமே மீண்டும் மீண்டும் வந்து அலைக்கழித்தால், பலரிடம் கேட்காமல் ஒரே ஒப்புரவுத் தந்தையிடம் தொடர்ந்து வழிகாட்டுதல் பெறுங்கள்.

"பகைவரைச் சபிக்கும் திருப்பாடல்களை எப்படிச் செபிப்பது?"

தொடக்கத்தில் செபிக்க வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சீரமைக்கப்பட்ட திருப்புகழ்மாலையே 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும், வேறு சிலவற்றில் சில வசனங்களையும் விட்டுவிட்டது. உங்களுக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டு, பழிவாங்கும் எண்ணம் அடங்காத நாளில், அதை எதிராளியிடம் கொட்டாமல் கடவுளிடம் கொட்டிவிட அவை உதவும்.

"மாதக்கணக்கில் வறட்சி, விவிலியத்தைத் திறக்கவே மனம் வரவில்லை"

இதற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் உடல். 1 அரசர்கள் 19-இல் சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு வானதூதர் அறிவுரை கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் தூங்கவிட்டு, இரண்டாம் முறை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னார். இரவுப் பணி முடிந்து வந்து, தூக்கமின்றி அதிகாலையில் செபிக்க முயல்பவருக்கு வேண்டியது நேர மாற்றம்.

அடுத்து, துயரத்தை மறைத்துக்கொண்டு புகழ்ச்சிப் பகுதிகளை வாசித்துவருகிறீர்களா என்று பாருங்கள். இந்தக் கடலோரத்தில் வாழும் நமக்கு 2004 டிசம்பர் 26-இல் தேவனாம்பட்டினத்தில் புகுந்த கடலையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீடுகளுக்குள் ஏறிய தண்ணீரையும் எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. சேறு படிந்த அரிசி மூட்டையைத் தெருவில் வைத்துவிட்டு வந்தவருக்கு அன்றைக்கு "அல்லேலூயா" வராது. வெள்ளம் கழுத்தளவு ஏறிவிட்டது, கால் ஊன்ற இடமில்லை, கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது என்று திருப்பாடல் 69 தொடங்குகிறது; அது வாயில் வரும். எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று திருப்பாடல் 13 கேட்கிறது. திருப்பாடல் 88-ஓ கடைசி வரி வரையில் வெளிச்சமே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் திருச்சபை இறைவார்த்தை என்றே வாசிக்கிறது. பாடல் புலம்பினால் நீங்களும் புலம்புங்கள், அது மகிழ்ந்தால் நீங்களும் மகிழுங்கள் என்பது அகுஸ்தினாரின் அறிவுரை. நமக்கு வரும் எந்த மனநிலைக்கும் ஒரு திருப்பாடல் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொள்ளும்போது வறட்சியின் தனிமை பெரிதும் குறைகிறது.

மூன்றாவது, நேரத்தைக் குறைக்காதீர்கள். வறட்சியில் நேரத்தைச் சுருக்கும் சோதனை வரும்போது, குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்படி இஞ்ஞாசியார் சொல்கிறார். பதினைந்து நிமிடம் என்று வைத்திருந்தால் பதினாறாவது நிமிடமும் இருங்கள். எதுவும் வராவிட்டால், "நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்ற மாற்கு 9:24-இன் தந்தையின் சொல்லோடு சும்மா இருங்கள்.

தூக்கம், பசி, வேலை எல்லாவற்றிலும் நாட்டம் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால், அது செப முறையால் மட்டும் தீர்க்கும் காரியமன்று. மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அதோடு செபமும் தொடரட்டும்.

"வீட்டில் தனி இடமில்லை, நேரமும் இல்லை"

1 சாமுவேல் 1-இல் அன்னா உதடுகள் மட்டும் அசையச் செபித்தார்; குருவாகிய ஏலி அவரைக் குடித்திருப்பவராக நினைத்துக்கொண்டார். நெகேமியா 2:4-இல் அரசன் கேட்ட கேள்விக்கும் தாம் சொல்லப்போகும் விடைக்கும் இடையிலான நேரத்தில் நெகேமியா மன்றாடிவிடுகிறார். கூட்டுக் குடும்பத்திலும் ஒற்றை அறை வீட்டிலும் வாழ்பவர்களுக்கு இவர்கள் இருவரும் போதிய முன்னோடிகள்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வேலைக்குச் செல்பவருக்குப் பேருந்திலேயே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கிறது. பேருந்தில் நூலைத் திறந்து வாசிக்க இயலாது. ஆகவே வாசிப்பை முந்தைய இரவே முடித்துவிட வேண்டும். ஐந்து வசனங்களை இரவில் வாசித்து, அவற்றில் ஒரு வரியை மட்டும் சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் வரை அந்த வரியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருங்கள். தவளக்குப்பம் தாண்டியதும் அதை "நீர்" என்று மாற்றி ஆண்டவரிடம் சொல்லுங்கள். கிருமாம்பாக்கத்துக்கு மேல், அன்று சந்திக்கப்போகும் ஒருவரை அந்த வரிக்குள் கொண்டுவாருங்கள். ரயிலில் செல்பவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள திருஇருதய ஆண்டவர் பசிலிக்காவில் அமர்ந்துவிட்டுப் போகலாம்.

எந்தப் பகுதியை எடுப்பது என்று தினமும் தேடுவதில் நேரம் வீணாகும். வரும் ஞாயிறு திருப்பலியின் நற்செய்தியைத் திங்களன்றே பங்கு நாள்காட்டியில் பார்த்து எடுத்துக்கொண்டு, ஆறு நாளும் அதையே பகுதி பகுதியாகச் செபியுங்கள்.